மிருதங்கத்துக்கு பல்டெக் போட்டேன், பானைச் சத்தம் வருகிறது

தொப்பிரவை
செவ்வாய், இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன், ஆனால் பதிவு செய்யத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. பத்துக்குப் பத்து அறை, இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ். தொப்பிப் பக்கம் (இடது கை வாசிக்கும் அடிநாத முகம்) எஸ்எம்57 மைக், வலந்தலைப் பக்கம் (வலது கை முகம்) ஒரு சின்ன கண்டென்சர் மைக். இரண்டும் தோலிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. மிக்ஸில் இரண்டையும் நடுவிலேயே வைத்திருக்கிறேன்.

போன வாரம் பல்டெக் என்ற பழைய ஈக்யூ கருவியின் (ஒலியின் அடி, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) மென்பொருள் நகலான ப்ளகின் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினேன். வீடியோக்களில் எல்லோரும் செய்வதுபோல 100 ஹெர்ட்ஸில் வைத்து, பூஸ்ட் (ஏற்றுவது), அட்டென் (குறைப்பது) இரண்டு குமிழையும் 5 வரை திருப்பினேன். மேலே 10 கிலோஹெர்ட்ஸில் 4. தனியாகக் கேட்டால் புல்லரிக்கிறது. ஆனால் பாட்டு, வயலின், தம்புராவோடு சேர்த்ததும் யாரோ பானையைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுவதுபோல் இருக்கிறது. 60க்கு மாற்றினால் வீட்டு ஸ்பீக்கரில் ஒன்றும் தெரியவில்லை, மாமாவின் காரிலோ கதவு அதிர்கிறது.

குமிழைத் தப்பாகத் திருப்புகிறேனா, இல்லை வேறு ப்ளகின் வாங்க வேண்டுமா?

பழைய டேப்
செவ்வாய், இரவு 11.15

தம்பி, வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். ப்ளகினை ஆன் செய்யும்போது மீட்டர் எவ்வளவு ஏறுகிறது? அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.

தொப்பிரவை
செவ்வாய், இரவு 11.31

பார்த்தேன் சார். கிட்டத்தட்ட 4 டெசிபல்.

பழைய டேப்
செவ்வாய், இரவு 11.40

ப்ளகினின் வெளியீட்டை அந்த 4 டெசிபல் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆன், ஆஃப் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தம் கூடினால் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். அடிநாதமும் மேல்நாதமும் சத்தம் கூடும்போதுதான் காதுக்கு நிறையத் தெரியும், நீங்கள் ஏற்றியதும் அந்த இரண்டையும்தான். முப்பது வருடம் கன்சோலில் உட்கார்ந்த பிறகும் நான் இதில் ஏமாறுகிறேன்.

தொப்பிரவை
புதன், காலை 6.20

கேட்டேன் சார். புல்லரிப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, பானையும் அப்படியே இருக்கிறது.

சாலிடர் புகை
புதன், காலை 9.05

அந்தக் குமிழ்கள் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அசல் பெட்டி 1951இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வந்தது. யூஜீன் ஷெங்க், ஆலி சம்மர்லேண்ட் என்ற இருவர் நடத்திய பல்ஸ் டெக்னிக்ஸ் கம்பெனியின் பெயரைச் சுருக்கியதுதான் பல்டெக். ஈக்யூ செய்யும் பகுதியில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், காயில் மட்டுமே உண்டு. அதனால் அந்தப் பகுதியால் சிக்னலைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இறக்கிவிட்டு, 'பூஸ்ட்' கேட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் குறைவாக இறக்கும். இழந்ததை மீட்க, கடைசியில் ஒரு வால்வ் ஆம்ப்ளிஃபையர். குமிழை எல்லாம் பூஜ்யத்தில் வைத்தாலும் சிக்னல் அந்த வால்வையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் தாண்டித்தான் வெளியே வரும். 'சும்மா நுழைந்து வெளியே வந்தாலே நன்றாக இருக்கிறது' என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் குமிழ்கள். 20, 30, 60, 100 என்ற நாலு எண்ணும் பூஸ்ட், அட்டென் இரண்டுக்கும் பொது. ஆனால் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட் வேறு, வளைவும் வேறு. அட்டென் செய்கிற குறைப்பு, பூஸ்ட் செய்கிற ஏற்றத்தைவிடக் கொஞ்சம் மேலே தள்ளி விழும். அதனால் இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாது. அடியில் ஒரு மேடு வரும், அதற்கு மேலே சில நூறு ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். மேற்கத்திய கிக் டிரம்முக்கு அந்தப் பள்ளம் வரப்பிரசாதம், அங்கேதான் அட்டைப்பெட்டிச் சத்தம் இருக்கும். மிருதங்கத்துக்கு அங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, 5 என்றால் 5 டெசிபல் இல்லை. ஈக்யூபி-1ஏ மாடலில் கீழ் பூஸ்ட் முழுதாகத் திருப்பினால் சுமார் 13.5 டெசிபல், அட்டென் 17.5. குமிழ் எண் வெறும் எண்தான்.

சந்தேகப் பேர்வழி
புதன், காலை 10.48

வால்வ் பக்தர்கள் கோபிக்க வேண்டாம். ஒரு பல்டெக் ப்ளகினின் வளைவை, மென்பொருளோடு இலவசமாக வரும் சாதாரண ஈக்யூவில் நாலு பேண்ட் வைத்து வரைந்து பார்த்தேன். அப்புறம் ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்தேன், ஒரே மாதிரி இருப்பது அழிந்து வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஹெட்ஃபோனை முழு வால்யூமில் வைத்தால் மட்டும் கேட்கிற ஒரு கொசுச் சத்தம் மிஞ்சியது. அந்தக் கொசுவுக்கா இவ்வளவு விலை? காயில், டிரான்ஸ்ஃபார்மர் கதையெல்லாம் தள்ளுபடிக் காலத்தில் கேட்கிற கதை.

சாலிடர் புகை
புதன், காலை 11.10

எந்த லெவலில் அனுப்பிப் பார்த்தீர்கள்? இந்த நகல்களில் பலவும் -18 டெசிபல் ஃபுல் ஸ்கேல் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) என்பதைப் பழைய வியு மீட்டரின் பூஜ்யமாக எடுத்துக்கொள்கின்றன. அதற்குக் கீழே மெல்லமாக அனுப்பினால் வால்வ் பகுதி தூங்கிக்கொண்டிருக்கும், மிஞ்சுவது வளைவு மட்டும்தான். வளைவு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி, எந்த ஈக்யூவாலும் அதைப் போட முடியும். 12 டெசிபல் கூட்டி அனுப்பி அதே சோதனையைச் செய்யுங்கள், கொசு வண்டாகியிருக்கும்.

அந்த வண்டு நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். ஓவர்சாம்பிளிங் (உள்ளே அதிக சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) இல்லாத ப்ளகினில் அது அலியாசிங்காக, அதாவது ஸ்ருதியோடு சேராத போலி ஒலியாக, திரும்பி வந்து வலந்தலையின் மேல்நாதத்தில் மணலைத் தூவும்.

சந்தேகப் பேர்வழி
புதன், மதியம் 12.30

-20இல் அனுப்பினேன். சரி, செய்து பார்க்கிறேன். ஆனால் தொப்பிரவை அண்ணனுடைய பானை அந்த வண்டால் வரவில்லை, அதால் போகவும் போகாது.

அஞ்சு கட்டை
புதன், மாலை 4.17

நான் பாடுகிறவள், மிக்ஸிங் எனக்குப் பாதிதான் தெரியும். இவ்வளவு பேசியும் யாரும் ஸ்ருதி என்ன என்று கேட்கவில்லையே? மிருதங்கம் கிக் டிரம் இல்லை. வலந்தலையில் நடுவில் கறுப்புச் சோறு வைப்பதே மேல்நாதங்களை ஸ்ருதியோடு வரிசையாக நிற்கவைக்கத்தான். சி. வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். சாதாரணத் தோலில் மேல்நாதங்கள் தாறுமாறாக இருக்கும், நம் வாத்தியத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தந்தி வாத்தியம்போல் ஒழுங்காக வரும். அந்த ஒழுங்கில் ஒன்றை மட்டும் பள்ளத்தில் தள்ளினால் வலந்தலையில் வாசிக்கும் 'நம்' என்ற சொல் எப்படி 'நம்' மாதிரிக் கேட்கும்?

தம்பி எந்தக் கட்டையில் பதிவு செய்தீர்கள்?

தொப்பிரவை
புதன், மாலை 5.02

ஒன்றரை கட்டை அக்கா. பாடியது என் நண்பன்.

அஞ்சு கட்டை
புதன், மாலை 5.25

அப்படியென்றால் ஷட்ஜம் சுமார் 139 ஹெர்ட்ஸ், மேல் ஷட்ஜம் 277. தம்புராவின் மந்திர பஞ்சமம் 104. நீங்கள் 100இல் ஏற்றியபோது தொப்பியைத் தம்புராவின் பஞ்சமத்தின் தலையில் உட்காரவைத்திருக்கிறீர்கள். மேலே விழுகிற பள்ளமோ வலந்தலையின் நாதத்தைத் தின்கிறது. தனியாகக் கேட்டு நன்றாக இருந்ததற்குக் காரணம், பக்கத்தில் தம்புரா இல்லை, அவ்வளவுதான்.

இந்த மாதிரி அகலமான ஈக்யூ ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடித்துத் தூக்காது, அக்கம்பக்கத்தையும் சேர்த்தே தூக்கும். அதனால் அபஸ்வரம் ஆகவில்லை. ஆனால் நெரிசல் ஆகிவிட்டது.

பழைய டேப்
புதன், இரவு 9.44

அக்கா சொன்னது நெரிசலுக்குச் சரியான காரணம். பானைக்கு அது மட்டும் போதாது. எனக்கு முதலிலிருந்தே அந்த இரண்டு மைக் மேல்தான் சந்தேகம்.

தம்பி, தொப்பியில் ஒரே ஒரு 'தொம்' வாசித்துப் பதிவு செய்யுங்கள், வலது கை தோலைத் தொடக்கூடாது. அப்புறம் இரண்டு டிராக்கையும் பெரிதாக்கிப் பாருங்கள். தொப்பி மைக்கில் அலை தொடங்கும் இடத்துக்கும் வலந்தலை மைக்கில் தொடங்கும் இடத்துக்கும் எத்தனை மில்லிசெகண்ட் இருக்கிறது?

தொப்பிரவை
புதன், இரவு 10.20

2 மில்லிசெகண்டைவிட ஒரு துளி அதிகம்.

பழைய டேப்
புதன், இரவு 11.03

அதுதான் பானை.

ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். உங்கள் 'தொம்' ஒரு மைக்குக்கு வந்து, 68 சென்டிமீட்டர் சுற்றி மற்ற மைக்குக்கும் வருகிறது. இரண்டையும் நடுவில் வைத்துக் கூட்டினால் 250, 750, 1250 என்று ஹெர்ட்ஸ் வரிசையில் சீப்புப் பல்போலப் பள்ளங்கள் விழும். இரண்டாவது மைக்கில் 'தொம்' மெல்லமாக வருவதால் பள்ளங்கள் முழு ஆழம் இருக்காது, ஆனால் காதுக்கு 'உள்ளே காலி' என்று சொல்ல அதுவே போதும். பல்டெக்கின் பள்ளமும் அதே வட்டாரத்தில் போய் விழுந்திருக்கிறது. ஏற்கனவே குழியான சாலையில் நீங்கள் இன்னும் தோண்டியிருக்கிறீர்கள்.

'வலந்தலை டிராக்கை 2 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளிவிடு' என்று யாராவது உடனே வருவார்கள். அது பொறி. தொப்பிக்குச் சேரும், ஆனால் வலந்தலை அடி தன் மைக்குக்குத்தானே முதலில் வருகிறது? அதை இன்னும் முன்னால் தள்ளினால் அதன் இடைவெளி 4 ஆகிவிடும். இரு முக வாத்தியத்தில் ஒரு பக்கம் தைத்தால் மறுபக்கம் கிழியும்.

போலாரிட்டி பொத்தானையும் ஒரு தடவை அழுத்திக் கேளுங்கள். தொப்பியை அடிக்கும்போது அந்தத் தோல் தன் மைக்கைவிட்டு உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் காற்று மறுபக்கத் தோலை வெளியே, அதன் மைக்கை நோக்கித் தள்ளுகிறது. ஸ்னேர் டிரம்முக்கு மேலும் கீழும் மைக் வைப்பவர்கள் ஒன்றைத் திருப்பிப் போடுவது இதனால்தான். இங்கே தூரம் அதிகம், ஆகவே திருப்புவது எப்போதும் சரி என்று சொல்லமாட்டேன். எந்த நிலையில் தொப்பி கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

நான் செய்வது இது. கண்டென்சரை வாத்தியத்துக்கு நேர் முன்னால் இரண்டடி தள்ளி, இரண்டு முகத்துக்கும் சம தூரத்தில் வைப்பேன், நூல் பிடித்து அளந்து. ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் டிரம் செட்டின் இரண்டு மேல் மைக்கையும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் வைத்தாரே, அதே கணக்குதான், ஒரே சமயத்தில் வந்து சேர வேண்டும். இந்த ஒரு மைக்கிலேயே முக்கால் பங்கு மிருதங்கம் வந்துவிட வேண்டும். எஸ்எம்57ஐத் தொப்பிக்குப் பக்கத்தில், மற்ற முகத்தைப் பார்க்காதபடி சாய்த்து வைத்து, மிக்ஸில் அதன் மேல் பகுதியை 200 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டிவிடுவேன். வெட்டிய பிறகு அதில் வலந்தலை அநேகமாக இருக்காது. ஆகவே அந்த டிராக்கை மட்டும் தைரியமாகப் பின்னால் தள்ளி முன் மைக்கோடு சேர்க்கலாம். வெட்டுகிற ஃபில்டரும் கொஞ்சம் ஃபேஸைத் திருப்பும், அதாவது அலையை நேரத்தில் கொஞ்சம் நகர்த்தும், அதனால் கடைசி முடிவைக் காதிடம் விடுங்கள்.

57ஐ ஒரு ஜாணிலிருந்து நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுபோனால் அடிநாதம் தானாகவே கூடும். திசை உள்ள மைக்குகளின் குணம் அது. ஈக்யூவே தேவைப்படாமல் போகலாம்.

மாடிவீட்டு ஸ்டுடியோ
வியாழன், காலை 8.12

இழை திசைமாறினால் மன்னிக்கவும், மைக் தந்திரம் என்றதும் கை அரிக்கிறது. 1971இல் வந்த லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தில் கடைசிப் பாட்டின் டிரம் ஒலியைக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக்கூடத்தில் அடியில் டிரம் செட்டைப் போட்டு, மேலிருந்து இரண்டே பேயர்டைனமிக் எம்160 ரிப்பன் மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். பின்சன் எக்கோ கருவி, நல்ல அழுத்தமான கம்ப்ரெஷன் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது), அவ்வளவுதான். கிக்குக்குத் தனி மைக்கூடக் கிடையாது.

இதைப் படித்துவிட்டு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் நண்பனைத் தவிலோடு உட்காரவைத்து, இரண்டாவது மாடியிலிருந்து மைக்கை இறக்கினேன். ஒலி என்னவோ பிரமாதம். நாலே ஆவர்த்தனம்தான். யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டுக்கொண்டு மூன்று வீட்டுக் கதவு திறந்தது. அந்த நாலு ஆவர்த்தனத்தில் கேஸ் சிலிண்டர் உருட்டுகிற சத்தமும் பதிவாகியிருந்தது, அதையும் சேர்த்தே லூப் போட்டுவிட்டேன்.

சந்தேகப் பேர்வழி
வியாழன், காலை 8.40

அந்த லூப்பை இங்கே போடவும். ப்ளகின் வாங்குவதைவிட அதற்குக் காசு கொடுப்பேன்.

அப்புறம் சாலிடர் அண்ணா, 12 டெசிபல் கூட்டிச் சோதித்தேன். வண்டு உண்மைதான். தொப்பியில் பிடித்தது, சின்ன ஸ்பீக்கரிலும் 'தொம்' எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. வலந்தலையில் போட்டால் மீட்டுச் சொல் எல்லாம் நமுத்த அப்பளம். ஆக, மாஸ்டரில் போட்டு மொத்தத்துக்கும் தடவுகிறவர்களுக்கு என் பழைய கருத்தே.

சாலிடர் புகை
வியாழன், காலை 9.15

சின்ன ஸ்பீக்கரில் தெரிவதற்குக் காரணம் அந்த வண்டு, அதாவது வால்வ் பகுதி சேர்க்கிற ஹார்மோனிக்ஸ் (அடிநாதத்தின் மடங்குகள்)தான். 70 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாத ஸ்பீக்கரும் 140, 210ஐ எழுப்பும், மீதியைக் காது ஊகித்துக்கொள்ளும். தொப்பிரவை முதலில் சொன்ன '60இல் வீட்டில் தெரியவில்லை, காரில் அதிர்கிறது' என்பதற்கும் இதுவே மருந்து. அடியை ஏற்றாமல், அதற்கு மேல் அடுக்கைக் காட்டினால் போதும்.

இதற்கு எதிர்த்திசையில் போகிற வித்தையும் உண்டு, ஸ்பீக்கரையே மைக்காக்குவது. 1966இல் அபே ரோடில் பீட்டில்ஸின் பேஸ் கிட்டாருக்கு ஸ்டுடியோ பொறியாளர் கென் டவுன்சென்ட் அப்படித்தான் செய்தார். பெரிய ஸ்பீக்கர் ஒன்றை பேஸ் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கருக்கு எதிரே நிறுத்தி, அதை மைக்காகப் பயன்படுத்தினார். பின்னாளில் யமஹா என்எஸ்10 ஸ்பீக்கரின் வூஃபரை (அடிநாத ஸ்பீக்கரை) கழற்றி கிக் முன்னால் நிறுத்துவது ஸ்டுடியோ வழக்கமே ஆனது. கனமான கோன் மேல்நாதத்துக்கு அசையாது, அடிநாதத்துக்கு மட்டும் அசையும். வீட்டில் கெட்டுப்போன மியூசிக் சிஸ்டத்தின் வூஃபர் இருந்தால் அதன் இரண்டு முனையையும் எக்ஸ்எல்ஆர் மைக் பிளக்கின் 2, 3ஆம் பின்னில் பற்றவையுங்கள், இன்டர்ஃபேஸ் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் ஆஃபில் இருக்கட்டும். தொப்பிக்கு வைத்துப் பார்த்தேன். 'கும்கி' கொடுக்கும்போது வருகிற அந்த வழுக்கலை அது அப்படியே பிடிக்கிறது. தனியாகக் கேட்டால் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், முன் மைக்கோடு கால் பங்கு சேர்த்தால் அழகு.

தொப்பிரவை
சனி, இரவு 9.30

இதற்காகத்தான் இரண்டு நாள் விடுப்பு போட்டேன் என்று அலுவலகத்தில் தெரிந்தால் வேலை போய்விடும். முடிவு சொல்கிறேன்.

போலாரிட்டியைத் திருப்பியதும் பழைய பதிவிலேயே தொப்பி கொஞ்சம் கனத்தது, பானை மட்டும் போகவில்லை. சரி என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, சார் சொன்னபடி கண்டென்சரை முன்னால் இரண்டடியில் வைத்தேன், அம்மாவின் தையல் டேப்பில் அளந்து. சுவர் மின்விசிறி மைக்கின் முதுகுப் பக்கம் வரும்படி நான் திரும்பி உட்கார்ந்தேன், அதற்கே இரைச்சல் பாதி குறைந்துவிட்டது. 57 நாலு விரல் தூரத்தில், சாய்வாக, 200க்கு மேல் வெட்டி, 1.3 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளி.

முதல் டேக்கில் பானை போய்விட்டது. ஆனால் 'தொம்' வாசிக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு 'ங்ங்ங்' கேட்டது. ஈக்யூவில் தேடினேன், ப்ளகினில் தேடினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் இரும்பு பீரோ. நான் தொப்பிக்கு ரவை ஒட்டிச் சேர்த்திருந்த ஸ்ருதிக்கு பீரோவின் கதவும் சேர்ந்து பாடுகிறது. கதவிடுக்கில் பழைய வேட்டியை மடித்துச் செருகினேன், நின்றது.

பல்டெக் இப்போது தொப்பி டிராக்கில் மட்டும் இருக்கிறது. 60இல் பூஸ்ட் 2, அட்டென் பூஜ்யம், உள்ளே கொஞ்சம் சத்தமாக அனுப்பி வெளியே அதே அளவு குறைத்திருக்கிறேன். முன் மைக்கில் ஈக்யூவே இல்லை. தம்புராவோடு கேட்டேன், இடிக்கவில்லை. காரில் கதவு அதிரவில்லை.

பழைய டேப்
சனி, இரவு 9.52

வேட்டிக்கு எத்தனை டெசிபல் என்று எந்த மேனுவலிலும் போடமாட்டார்கள். எட்டு நொடி போடுங்கள், கேட்கிறேன்.

மாடிவீட்டு ஸ்டுடியோ
சனி, இரவு 10.05

பீரோ பாடுகிற டேக்கையும் போடுங்கள். அழித்துவிடாதீர்கள்.

அஞ்சு கட்டை
ஞாயிறு, காலை 7.10

கேட்டேன் தம்பி. 'நம்' இப்போது 'நம்' என்று இருக்கிறது. அடுத்த மாதம் நான் ஒரு வர்ணம் பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன், என் ஸ்ருதிக்குச் சின்ன மிருதங்கம் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அங்கேயே வந்துவிடுகிறேன். ஆனால் ஐந்து கட்டைக்கு உங்கள் அறையில் வேறு என்னவெல்லாம் பாடும் என்று முதலில் வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

தொப்பிரவை
ஞாயிறு, காலை 7.48

இருக்கிறது அக்கா. இப்போதுதான் வாசித்துப் பார்த்தேன். பீரோ அமைதி. ஜன்னல் கம்பி தொடங்கிவிட்டது.